‘2.0’ செல்போன் பறவை முதல் ஆடித்தபசு கூட்டம் வரை: ஆயிரக்கணக்கான உருவங்களை கம்ப்யூட்டர் ஆட்டுவிப்பது எப்படி?

ரோட்டில் நடந்து போகிறவர்களின் கையிலிருந்து செல்போன் தானாகப் பிடுங்கிக்கொண்டு பறக்கிறது. ஒண்ணு ரெண்டு இல்லை, ஊரில் இருக்கிற அத்தனை போனும். கொஞ்ச நேரத்தில் அவையெல்லாம் ஒன்றுசேர்ந்து ராட்சதப் பறவையாக வானத்தில் எழுந்து நிற்கின்றன. 2018 நவம்பர் 29-ல் வெளியான ஷங்கரின் ‘2.0’ படத்தில் ரஜினிகாந்த், அக்‌ஷய் குமார் ரசிகர்கள் வாய்பிளந்து பார்த்த காட்சி இது.

சரி, அத்தனை போனையும் யார் நகர்த்தினார்கள்? ஒவ்வொரு போனாக ஒருவர் உட்கார்ந்து நகர்த்தினாரா? இல்லை. அதற்கென்று ஒரு தனி வித்தை இருக்கிறது. அதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள ஹாலிவுட் வரை போக வேண்டியதில்லை. தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பக்கத்தில் உள்ள திருவேங்கடம் கரிசல் காட்டில் ஒரு ஆட்டுக்கிடையைப் பார்த்தாலே போதும். இதே கணக்குதான் இன்று திருவிழா நெரிசலில் உயிர்களைக் காப்பாற்றவும் பயன்படுகிறது. எப்படி என்று பார்க்கலாம்.

கையால் நகர்த்தினால் என்ன ஆகும்?

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 10 நொடிக் காட்சி என்றால் 240 படங்கள். திரையில் 10,000 செல்போன் பறக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு போனும் எங்கே இருக்கிறது என்று சொல்ல 24 லட்சம் இடங்களைக் குறிக்க வேண்டும். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தனிக் கணக்கு.

வழக்கமான அனிமேஷனில் இதைக் குறைக்க ஒரு வழி உண்டு. முக்கியமான நிலைகளை மட்டும் கலைஞர் வைப்பார். இடையில் உள்ளதை கம்ப்யூட்டர் நிரப்பும். இதற்கு ‘கீஃபிரேம்’ என்று பெயர். ஒரு கதாநாயகனை நடக்க வைக்க இது அருமையான முறை. ஆனால் 10,000 போனுக்கு? ஒவ்வொன்றுக்கும் வெறும் 5 நிலை வைத்தாலும் 50,000 ஆகிவிடும். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று போட்டாலும் 833 மணி நேரம். தினமும் 8 மணி நேரம் வேலை பார்த்தால் 100 நாளைத் தாண்டும். 10 நொடிக் காட்சிக்கு இது. எல்லாம் முடிந்த பிறகு டைரக்டர் வந்து, “பறவை கொஞ்சம் மெதுவா வரட்டுமே” என்றால் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இதனால்தான் இடத்தைச் சொல்வதை விட்டுவிட்டு, விதியைச் சொல்லும் முறை வந்தது. “நீ இங்கே போ” என்பதற்குப் பதில் “நீ இப்படி நடந்துகொள்” என்று சொல்வது. மீதியை கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கொள்ளும். இதைத்தான் சிமுலேஷன் என்கிறார்கள்.

புஸ்வாணத்தில் இருக்கும் முதல் பாடம்

தீபாவளிக்கு விடுகிற புஸ்வாணத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தீப்பொறியும் வாயில் பிறக்கிறது, மேலே கிளம்புகிறது, வேகம் குறைகிறது, வளைந்து விழுகிறது, அணைகிறது. கம்ப்யூட்டரில் இதைச் செய்ய ஒவ்வொரு பொறிக்கும் சில எண்கள் போதும்: இருக்கும் இடம், போகும் வேகம், வயது, நிறம்.

அதன்பின் கணக்கு எளிது. ஒவ்வொரு படத்துக்கும் வேகத்தில் ஈர்ப்பு விசையைச் சேர்க்கணும், அந்த வேகத்தை வைத்து இடத்தை மாற்றணும், வயதை ஏற்றணும், ஆயுள் முடிந்தால் பொறியை அணைக்கணும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேலே கிளம்பும் பொறி, காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஒரு நொடியில் சுமார் 5 மீட்டர் உயரம் போய்த் திரும்பும். தொடங்கும் வேகத்தையும் திசையையும் ஒவ்வொரு பொறிக்கும் லேசாக மாற்றிக் கொடுத்தால் பூ விரிந்துவிடும். பக்கவாட்டில் காற்று சேர்த்தால் மொத்தப் பூவும் சாயும்.

இதற்கு ‘பார்டிகிள் சிஸ்டம்’, அதாவது துகள் முறை என்று பெயர். 1982-ல் வந்த ‘ஸ்டார் டிரெக்’ வரிசையின் இரண்டாவது படத்தில் ஒரு கோளின் மேல் நெருப்பு பரவும் காட்சிக்கு வில்லியம் ரீவ்ஸ் இதைப் பயன்படுத்தினார். அடுத்த ஆண்டு ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார். இன்று சினிமாவில் நாம் பார்க்கும் புகை, மழை, தூசி, வெடிச்சிதறல் பலவற்றுக்கும் மூலம் இதுதான்.

ஆனால் இதில் ஒரு குறை. ஒரு தீப்பொறிக்குப் பக்கத்துத் தீப்பொறியைப் பற்றிக் கவலை கிடையாது. பறவைக்கும் ஆட்டுக்கும் மனிதனுக்கும் அப்படி இல்லையே!

மூன்றே விதி... ஒரு முழுக் கூட்டம்!

குளிர்காலத்தில் தென் மாவட்டங்களுக்கு வரும் சூறைக்குருவிகள் சாயங்காலம் அடையப் போகும்முன் வானத்தில் புகை மாதிரி சுழல்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஒரே நேரத்தில் திரும்பும், பிரியும், சேரும். தலைவர் என்று யாரும் கிடையாது. ஒன்றோடு ஒன்று மோதுவதும் இல்லை.

இதை கம்ப்யூட்டரில் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் கிரெய்க் ரெனால்ட்ஸ். 1986-ல் அவர் உருவாக்கிய புரோகிராமுக்கு ‘பாய்ட்ஸ்’ என்று பெயர். 1987-ல் கட்டுரையாக வெளிவந்தது. அதில் ஒவ்வொரு பறவைக்கும் மூன்று விதிகள் மட்டுமே:

• ஒதுங்கு: பக்கத்தில் இருப்பவர் மேல் இடிக்காதே.
• ஒத்துப்போ: பக்கத்தில் இருப்பவர்கள் போகும் திசையிலும் வேகத்திலும் போ.
• ஒட்டிக்கொள்: பக்கத்தில் இருக்கும் கூட்டத்தின் நடுப்பகுதியை நோக்கி வா.

அவ்வளவுதான். “கூட்டமாக வட்டமடி” என்று எங்கேயும் எழுதவில்லை. ஆனால் இந்த மூன்றும் சேர்ந்ததும் கூட்டம் தானாக உருவாகிறது. 1992-ல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தின் வௌவால் கூட்டமும் பென்குயின் கூட்டமும் இந்த வழியில் வந்தவை. இந்தப் பங்களிப்புக்காக 1998-ல் ரெனால்ட்ஸுக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

இங்கே ‘பக்கத்தில்’ என்ற சொல்தான் உயிர். ஒரு பறவை முழுக் கூட்டத்தையும் பார்ப்பதில்லை. ரோம் நகர வானத்தில் பறக்கும் மைனா இனப் பறவைகளைப் பல கோணங்களில் படமெடுத்து ஆராய்ந்த இத்தாலிய விஞ்ஞானிகள், ஒவ்வொரு பறவையும் தனக்கு நெருக்கமான ஆறு ஏழு பறவைகளை மட்டுமே கவனிக்கிறது என்று 2008-ல் தெரிவித்தனர்.

கம்ப்யூட்டருக்கும் இது லாபம். ஒரு லட்சம் பறவைகளில் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் பார்த்தால், ஒரே ஒரு படத்துக்கு 1,000 கோடி ஒப்பீடு செய்ய வேண்டும். அதனால் வானத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துவிடுவார்கள். ஒரு பறவை தன் கட்டத்தையும் சுற்றியுள்ள கட்டங்களையும் மட்டும் பார்த்தால் போதும். அக்கம்பக்கத்து வீட்டில் விசாரிப்பதற்கு ஊர் முழுக்கக் கதவைத் தட்ட வேண்டியதில்லையே.

கிடை ஆடும் கம்ப்யூட்டர் கூட்டமும்

கூட்டம் தானாக ஓடினால் மட்டும் போதாது. அது டைரக்டர் சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும். இங்கேதான் கரிசல் காட்டு ஆட்டுக்கிடை உதவிக்கு வருகிறது.

வெள்ளாமை எடுத்த பிறகு உரத்துக்காக நிலத்தில் கிடை போடுவது திருவேங்கடம், சங்கரன்கோவில், கோவில்பட்டி வட்டாரத்தில் பழகிய வழக்கம். நூற்றுக்கணக்கான செம்மறி ஆடுகளை ஓரிரண்டு பேர் ஓட்டிப் போவார்கள். ஒவ்வொரு ஆட்டுக்கும் கயிறு கட்டுவதில்லை. முன்னால் ஒருவர் நடப்பார். பின்னால் ஒருவர் குரல் கொடுப்பார். ஓரத்தில் நாய் ஓடும். இருபுறமும் வேலி இருந்தால் கூட்டம் தானாக நீளும். நடுவில் கிணறு வந்தால் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும்.

அனிமேஷன் மென்பொருளில் இருக்கும் கட்டுப்பாடுகளும் கிட்டத்தட்ட இவைதான்.

முன்னால் நடப்பவருக்குப் பதில் ஓர் இலக்குப் புள்ளி அல்லது பாதைக் கோடு. கலைஞர் அந்தக் கோட்டை மட்டும் வரைவார், கூட்டம் அதைப் பின்தொடரும். பின்னால் இருந்து விரட்டுபவருக்குப் பதில் விலக்கு விசை. வேலிக்கும் கிணற்றுக்கும் பதில் தடைகள். இவற்றோடு, காட்சியின் ஒவ்வொரு பகுதியிலும் எந்தத் திசையில் இழுப்பு என்று சொல்லும் காற்றுப்புலம்.

ஒவ்வொரு விதிக்கும் எவ்வளவு பலம் என்பதும் கலைஞர் கையில். ‘ஒதுங்கு’ விதியின் பலத்தை ஏற்றினால் கூட்டம் அகலும். ‘ஒத்துப்போ’வை ஏற்றினால் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஆகும். குறைத்தால் கொசுக் கூட்டம் மாதிரி ஆகும்.

போன்கள் பறவையாக மாறுவது எப்படி?

இதற்குப் பொதுவாகக் கையாளப்படும் முறை இது. முதலில் ஒரு பெரிய பறவையின் உருவத்தைச் செய்வார்கள். அது திரையில் தெரியாது. அதன் உடம்பு முழுக்க ஆயிரக்கணக்கில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு போனுக்கும் ஒரு புள்ளியை ஒதுக்குவார்கள். சினிமா தியேட்டரில் சீட் நம்பர் கொடுப்பது போல. பறந்துகொண்டிருக்கும் போன் தன் ‘சீட்’டை நோக்கி இழுக்கப்படும். கிட்டே வந்ததும் வேகம் குறைந்து உட்காரும். வேகத்தைக் குறைக்காவிட்டால் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி ஆடிக்கொண்டே இருக்கும்.

அடுத்த கட்டம்தான் சுவாரஸ்யம். பறவை சிறகடிக்க வேண்டும் என்றால் போன்களை யாரும் தொட மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒற்றைப் பறவைக்கு மட்டும் கலைஞர் சிறகடிக்கச் சொல்லிக் கொடுப்பார். சிறகில் உள்ள புள்ளிகள் நகரும், போன்கள் பின்னாலேயே போகும். லேசான தாமதமும் நடுக்கமும் சேர்த்துவிட்டால் உயிர் வந்துவிடும். ஆயிரக்கணக்கான பொருட்களின் அசைவு கடைசியில் ஒரே ஒரு பறவையின் அசைவாகச் சுருங்கிவிடுகிறது.

2010 அக்டோபர் 1-ல் வந்த ‘எந்திரன்’ கிளைமாக்ஸில் சிட்டி ரோபோக்கள் ஒன்றுசேர்ந்து உருண்டையாகவும் பாம்பாகவும் ராட்சத மனிதனாகவும் மாறும் காட்சியும் இதே வகைச் சவால்தான். அந்தப் படத்துக்குச் சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் தேசிய விருது கிடைத்தது. அதன் விஷுவல் எஃபெக்ட்ஸ் பொறுப்பாளர் வி.ஸ்ரீனிவாஸ் மோகன்தான் ‘2.0’ படத்திலும் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

“அந்த ஒரு போன் மட்டும் லெஃப்ட்ல போகட்டும்!”

விதி வைத்து ஓடும் கூட்டத்தில் பெரிய தலைவலி இதுதான். ஒரு பொருளை நகர்த்தினால் பக்கத்தில் இருப்பதும் மாறும், அதனால் அதற்குப் பக்கத்தில் இருப்பதும் மாறும். கடைசியில் மொத்தக் காட்சியும் வேறு மாதிரி ஆகிவிடும்.

இதைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு. கேமராவுக்கு நெருக்கமாக வரும் சில பொருட்களை ‘ஹீரோ’ என்று பிரித்து, கையாலேயே அனிமேட் செய்வார்கள். மற்றவை அவற்றுக்கு வழிவிடும். இரண்டாவது, நன்றாக வந்த ஓட்டத்தை ஒவ்வொரு படமாகச் சேமித்து வைத்து, பிடிக்காத பொருளை மட்டும் நீக்குவார்கள். மூன்றாவது, தற்செயல் எண்களுக்கு ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்து வைப்பார்கள். அதே எண்ணைக் கொடுத்தால் அதே ஓட்டம் மறுபடி கிடைக்கும்.

கம்ப்யூட்டர் மூச்சுத் திணறாமல் இருக்கவும் உத்தி உண்டு. 10,000 போனுக்கு 10,000 மாடல் வைப்பதில்லை. ஒரே மாடலைத்தான் 10,000 இடத்தில் காட்டுகிறார்கள். தூரத்தில் உள்ளதற்கு நுணுக்கம் குறைந்த மாடல் போதும்.

3 லட்சம் பேரைக் கூட்டிய காலம்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு கூட்டம் வேண்டும் என்றால் கூட்டத்தைத்தான் கூட்ட வேண்டும். 1948-ல் எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி தயாரித்த ‘சந்திரலேகா’ முரசு நடனத்தில் நூற்றுக்கணக்கானோர் ஆடினார்கள். 1982-ல் வெளியான ‘காந்தி’ படத்தின் இறுதி ஊர்வலக் காட்சிக்கு டெல்லியில் சுமார் 3 லட்சம் பேர் திரண்டார்கள்.

2001 முதல் வந்த ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களுக்காக ஸ்டீபன் ரெஜெலஸ் ‘மாசிவ்’ என்ற மென்பொருளை உருவாக்கினார். அதில் ஒவ்வொரு வீரனுக்கும் பார்வையும் முடிவெடுக்கும் ‘மூளை’யும் உண்டு. எதிரி கிட்டே இருந்தால் வெட்டு, தூரத்தில் இருந்தால் ஓடு, மேடு வந்தால் ஏறு. நிஜ மனிதர்கள் நடித்துப் பதிவான அசைவுகளில் பொருத்தமானதை அந்த மூளை தேர்ந்தெடுக்கும்.

கூட்டக் காட்சி சில படங்களில் ‘பொம்மை மாதிரி’ தெரிவதற்குக் காரணமும் இங்கேதான். எல்லோரும் ஒரே நொடியில் கையைத் தூக்கினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். ஒவ்வொருவரும் கொஞ்சம் முன்னே பின்னே தொடங்க வேண்டும். நடை, உயரம், சட்டை நிறம் எல்லாம் மாற வேண்டும்.

இதன் இன்னொரு பக்கமும் உண்டு. கூட்டத்தில் நின்று தினக்கூலி வாங்கும் துணை நடிகர்களுக்கு வேலை குறைகிறது. அதே நேரம், ஆட்டு மந்தையையும் குதிரைப்படையையும் வதைக்காமல் படமெடுக்க முடிகிறது. இந்தியாவில் விலங்குகளை நடிக்க வைக்க 2001-ம் ஆண்டு விதிகளின்படி அனுமதி தேவை. திரையின் ஓரத்தில் சின்னதாக ‘சி.ஜி.ஐ.’ என்று போடுவது இதனால்தான்.

சினிமாவைத் தாண்டி: நெரிசலில் இந்தக் கணக்கு

சங்கரன்கோவில் சங்கரநாராயணசாமி கோயில் ஆடித்தபசு அன்று சுற்றுவட்டார ஊர்களில் இருந்தெல்லாம் மக்கள் திரள்வார்கள். இப்படி ஒரு கூட்டம் எந்த வழியில் வரும், எங்கே தேங்கும், எத்தனை நிமிடத்தில் வெளியேறும் என்பதையும் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கலாம்.

1995-ல் டிர்க் ஹெல்பிங், பீட்டர் மோல்னார் இருவரும் இதற்கான ‘சமூக விசை’ மாதிரியை வெளியிட்டனர். ஒவ்வொரு மனிதரையும் மூன்று விசைகள் நகர்த்துகின்றன: போக வேண்டிய இடத்தின் இழுப்பு, மற்றவர்களிடம் இருந்து விலகல், சுவரில் இருந்து விலகல். ரெனால்ட்ஸின் பறவைக்குச் சொந்தக்காரர் மாதிரி இருக்கிறதா? உண்மைதான்.

2000-ல் ஹெல்பிங் குழு இதைக்கொண்டு ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டியது. குறுகிய வாசலில் எல்லோரும் அவசரப்பட்டால் கூட்டம் வளைவு மாதிரி வாசலை அடைத்துக்கொள்ளும். நிதானமாகப் போனால் வெளியேறுவதைவிடக் குறைவானவர்களே வெளியேறுவார்கள். பதறாத காரியம் சிதறாது என்பது வெறும் பழமொழி இல்லை, கணக்கும் அதையே சொல்கிறது.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 10 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளமுள்ள தெரு என்றால் 1,000 சதுர மீட்டர். அதில் 2,000 பேர் என்றால் நடக்கலாம். 4,000, 5,000 என்று போனால் நகர்வது சிரமம். 7,000 பேர் ஆகிவிட்டால் தனி மனிதன் என்பதே இல்லை. கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும், யாரும் தன் காலில் நிற்க முடியாது. கூட்ட நெரிசல் ஆய்வாளர் ஜான் ஃப்ரூயின் சுட்டிக்காட்டிய ஆபத்து எல்லை இதுதான். நெரிசலில் பெரும்பாலும் உயிர் போவது மிதிபட்டு மட்டும் அல்ல, நெஞ்சு அழுந்தி மூச்சுவிட முடியாமல்.

2025 செப்டம்பர் 27-ல் கரூரில் நடந்த பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்ததைத் தமிழ்நாடு மறக்காது. எத்தனை பேர் வருவார்கள், எத்தனை வழி இருக்கிறது, ஒரு வழி அடைபட்டால் என்ன ஆகும் என்ற கேள்விகளை நிகழ்ச்சிக்கு முன்பே திரையில் ஓட்டிப் பார்ப்பதன் அவசியம் இதுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சினிமாவில் கண்ணுக்கு நன்றாக இருந்தால் போதும். பாதுகாப்பில் அது போதாது. நிஜத் தெருவில் மக்கள் எவ்வளவு வேகத்தில் நடக்கிறார்கள், குழந்தையைத் தூக்கியவர் எப்படிப் போகிறார், முதியவர் எங்கே நிற்கிறார் என்று அளந்து அந்த எண்களைக் கொடுக்க வேண்டும். தப்பான எண்ணைக் கொடுத்தால் சிமுலேஷன் தப்பான நிம்மதியைத்தான் கொடுக்கும்.

நெரிசலில் சிக்கிக்கொண்டால்: கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடக்கி, மூச்சுவிட இடம் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை நிற்கும் நேரத்தில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்காதீர்கள்.

ட்ரோனில் மோதினால் ‘அன்டூ’ கிடையாது

2022 ஜனவரி 29-ல் டெல்லியில் நடந்த படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் 1,000 ட்ரோன்கள் வானத்தில் உருவங்கள் வரைந்தன. ஒவ்வொரு ட்ரோனுக்கும் ஒரு புள்ளி, மோதாத பாதை என்பதால் செல்போன் பறவையின் அதே கணக்குதான். வித்தியாசம் ஒன்றே: திரையில் இரண்டு போன் மோதினால் திருத்திக்கொள்ளலாம், வானத்தில் முடியாது.

திருவேங்கடத்தில் இருந்து கற்க முடியுமா?

முடியும். ‘பிளெண்டர்’ என்ற மென்பொருள் முழுக்க இலவசம். அதில் பாய்ட்ஸ் வசதியும், 2023-ல் வந்த 3.6 பதிப்பில் இருந்து சிமுலேஷன் வசதியும் இருக்கிறது. திரைப்படத் துறையில் அதிகம் புழங்கும் ‘ஹூடினி’க்கும் படிப்பதற்கென்று இலவசப் பதிப்பு உண்டு. பட்டமாகப் படிக்க விரும்புபவர்களுக்குச் சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவு இருக்கிறது. தனியார் பயிற்சி மையத்தில் பெரிய தொகை கட்டும் முன், இலவச மென்பொருளில் ஒரு மாதம் முயன்று பார்ப்பது நல்லது.

தேவையான கணக்கு ஏற்கெனவே பள்ளியில் இருக்கிறது. பிளஸ் 1 கணிதத்தில் வரும் வெக்டர், பிளஸ் 2 கணினி அறிவியலில் வரும் பைத்தான், இரண்டும் சேர்ந்தால் போதும். திரையில் 100 புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கு, ஒத்துப்போ, ஒட்டிக்கொள் என்ற மூன்று விதிகளை மட்டும் எழுதி ஓட விடுங்கள். சிதறிக் கிடந்தவை மெல்லச் சேர்ந்து குருவிக் கூட்டமாகத் திரும்பத் தொடங்கும். பிறகு ‘ஒதுங்கு’ விதியை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் புள்ளிகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்கும்.